பூ வைத்த செம்பு

பாரிஸின் லா சப்பலில், எங்களுக்கு மேல்மாடியில் ஒரு ஜப்பானிய அம்மா தேநீர்ச் சடங்கு பழக்குகிறார். அவருடைய சுவர் மாடத்தில் எழுத்து வரைந்த நீளத் தாள் ஒன்று தொங்கும். கீழே ஒரு பூ இருக்கும். வருகிறவர்கள் அவற்றின் முன் தலைகுனிந்த பிறகே உட்காருவார்கள். இந்த முறை பூ வைக்க எங்கள் ஊர்ச் செம்பு ஒன்று கேட்டார். நானும் பக்கத்து வீட்டு வசந்தியும் ஆளுக்கொன்று கொடுத்தோம். புளி போட்டு மினுக்கிய என் செம்பை விட்டுவிட்டு, வசந்தியின் நெளிந்த செம்பை எடுத்துக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் தனியாகப் போய், அது கழிப்பறைக்குத் தண்ணீர் எடுக்கும் செம்பு என்று பொய் சொன்னேன். அன்றே அவர் அந்தச் செம்பை வசந்திக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வசந்தி என் வாசலுக்கு வந்தாள். "நெளிஞ்சிருக்கெண்டு பிடிக்கேல்லைப் போல, அக்கா. உங்கடையைத் தாங்கோ, நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். என் செம்பில் ஒரு வெள்ளைப் பூ இருந்தது. எல்லோரும் அதன் முன் தலைகுனிந்தார்கள்.

"என்ன வடிவு, பாருங்கோ அக்கா!" என்று வசந்தி என் கையைப் பிடித்தாள்.

நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அவளும் என்மேல் கொஞ்சம் பொறாமைப்பட்டிருந்தால், சொல்வது எளிதாக இருந்திருக்கும்.