தோளில் இருந்த கை

பிலோமினா அக்கா இறந்த செய்தியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. சுன்னாகம் சந்தை வாசலில் நாலைந்து பேர் ஒரு பத்திரிகையைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டை ஆரையோ வைச்சிருந்திருக்கிறாள். கையிலை மணிக்கூட்டைப் பார்."

"வெளிநாட்டு மாப்பிள்ளையளை வேண்டாமெண்டது சும்மாவே?"

எட்டிப் பார்த்தேன். மரண அறிவித்தலில் அக்காவின் படம். மணப்பெண் கோலம். தோளில் ஓர் ஆணின் கை மட்டும் இருந்தது. ஆளைப் படத்திலிருந்து யாரோ வெட்டியிருந்தார்கள். மூன்று நாள் காய்ச்சலுக்கு மருந்தில்லாமல் ஒருத்தி செத்திருக்கிறாள். சனத்துக்குக் கைதான் கவலை.

குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபின் தாயோடு மானிப்பாய்க்கு வந்தவர் அவர். சுன்னாகத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. கனடாவுக்கும் சுவிசுக்கும் கலியாணம் பேச அனுப்பும் படங்களில் பெண்களின் தழும்புகளைத் தூரிகையால் மறைப்பார், கறுப்பை வெளுப்பாக்குவார். கமெரா பொய் சொல்லாது என்று நான் ஒருநாள் பெரிய மனிதனைப் போலச் சொன்னேன். "ஓம் தம்பி, அது சொல்லாது. அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்," என்றார்.

பிலிம் சுருளின் முடிவில் மிஞ்சுவதில் தன்னையே எடுப்பார். அடையாள அட்டைப் படம்போல ஒரே தாளில் எட்டு முகங்கள் ஒருமுறை காட்டினார். எட்டும் அவர், நாலில் மீசை. "சென்றியிலை மறிச்சால் எதைக் காட்டலாம், சொல்லும் பாப்பம்," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போது எனக்குப் பட்டினியும் அகதி முகாமும் மட்டுமே உண்மை.

கொப்பித் தாளில் நாங்கள் ஒரு சஞ்சிகை நடத்தினோம். அதற்கு அவர் கொண்டுவந்ததுதான் அறிவித்தலில் வந்த இந்தப் படம். இரண்டு படங்களை வெட்டி ஒட்டி, ஓரங்களைத் தூரிகையால் மறைத்து, திரும்பவும் படமெடுத்திருந்தார். மணப்பெண் அவர். பக்கத்தில், செத்துப்போன தகப்பனின் கோட்டும் மணிக்கூடும் மீசையுமாக, மாப்பிள்ளையும் அவர். படத்தில் ஸ்டூடியோவுக்குள் கடல் புகுந்து இருவருக்கும் முழங்காலளவில் நின்றது.

"அம்மா ஒரு மாப்பிள்ளை கேக்கிறா. ஒராள் எனக்குள்ளை இருக்கிறார் எண்டால் நம்பமாட்டா. அதுதான் படமெடுத்தனான்."

"ஊர் எரியேக்கை உங்களுக்குக் கலியாண விளையாட்டோ அக்கா?"

"எரியாட்டில் இதைப் போட்டிருப்பீரோ?"

படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பிறகு எதையும் கொண்டுவரவில்லை.

சந்தையிலிருந்து நேரே மானிப்பாய்க்குச் சைக்கிளில் போனேன். தாய் என்னைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூப்பிட்டார். அக்காவின் படப் பெட்டிக்குள் வேறு நல்ல படம் கிடைக்கவில்லையாம். பக்கத்தில் யாரோ பெடியன் என்று அக்காவின் மாமன் அவசரத்தில் வெட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டாராம்.

"தம்பி, உது உம்முடைய கையோ? கோவிக்கமாட்டன், சொல்லும்."

"அது அக்கான்ரை கை அம்மா. அந்தப் பெடியனும் அக்காதான்."

வெட்டிய பாதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மீசைக்கு மேலே மகளின் கண்கள். அவருடைய முகம் மாறியது.

"இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். ஆரோ பெடியன் இருந்தவன் எண்டே சனம் கதைக்கட்டும். நீர்தான் எண்டாலும் பரவாயில்லை."

மகளுக்குக் கள்ளக் காதலன் இருந்தால் தாயால் தாங்கமுடியும். அந்தப் பெடியன் மகளாகவே இருந்ததைத்தான் தாங்கமுடியவில்லை. தாயை மட்டும் குறை சொல்லி என்ன? அந்தப் பயத்தை அவருக்குள் வைத்தது நாங்கள் எல்லோரும்தான். அழுகிற கிழவிக்கு முன்னால் நான் "ஓம்" என்றேன். கலியாணமாகாதவர் என்று வெள்ளை உடுப்பும் தலையில் மணப்பெண் கிரீடமும் போட்டு அக்காவைப் புதைத்தார்கள். பெட்டியை நானும் ஒரு பக்கம் தூக்கினேன்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். தாய்க்குச் சொன்ன அந்த "ஓம்" இத்தோடு முறிகிறது. அவர் என்னை மன்னிக்கத் தேவையில்லை. அடுப்புக்குப் போகவிருந்த பாதியைக் கெஞ்சி வாங்கிவந்தேன். கை மணிக்கட்டோடு மணப்பெண் பாதியில் போய்விட்டது. கோட்டு கொஞ்சம் பெரிது. முகத்தில் ஓரிடத்திலும் அவர் தூரிகை வைக்கவில்லை. கன்னத்துத் தழும்பு அப்படியே இருக்கிறது.