எட்டு டிரம்மும் நர்ஸ் செல்லக்கனியும்

இடது கையில் டார்ச், வலது கையில் வெள்ளைக் குண்டா. செல்லக்கனி டிரம்முக்குள் கையை முழங்கை வரை விட்டு, ஓரத்துத் தண்ணீரை மெல்லச் சாய்த்து மொண்டாள். பைரோஜா வீட்டுப் பின்கட்டில் வரிசையாக நின்ற எட்டு நீல டிரம்களில் அது மூன்றாவது. குண்டாவில் பதினேழு கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. எண்ணி நோட்டில் எழுதினாள். பைரோஜா எட்டிப் பார்த்துவிட்டு, அது தூசி என்றாள். தூசி நெளிந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் அது. மூட்டுகளை முடக்கும் சிக்குன்குனியா காய்ச்சல் தெருத்தெருவாக இறங்கியிருந்தது. தீபாவளி சீசன் வேறு. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் ரொம்பவே கவலைப்பட்டார்கள். விரல் மடங்காத ஆட்களை வைத்துத் திரி செருக முடியாது, லோடு தாமதமாகும்.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் செல்லக்கனி இருபத்திரண்டு வருடமாக அரசாங்க நர்ஸ். பயிற்சியில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் படுக்கையில் கிடப்பவர் நோயாளி. தெருவில் இறங்கும் நர்ஸுக்குத் தெருவே நோயாளி. எந்த நோயாளியும் செய்வதைத் தெருவும் செய்யும் என்பதைப் புத்தகம் எழுதாமல் விட்டுவிட்டது. இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கியதாகச் சொல்லும். சத்துமாவை ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததாகச் சத்தியம் செய்யும். நர்ஸ் தலை தெரிந்தால் டிரம்மின்மேல் சாக்கைப் போர்த்தி, உள்ளே அரிசி என்று சொல்லும். அவள் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்தால் நர்ஸுக்கு ரத்த அழுத்தம் ஏறுமே தவிர, நோயாளிக்குக் காய்ச்சல் இறங்காது.

விஷயம் என்னவோ எளிய கணக்குதான். முட்டை கொசுவாக எட்டு நாள் போதும். குழாயில் தண்ணீர் வரப் பன்னிரண்டு நாள் ஆகும். அன்று குழாயடியில் நிற்கும் கூட்டம் இருக்கன்குடி அம்மன் கோயில் ஆடி வெள்ளியைத் தோற்கடிக்கும். அப்படிப் பிடித்த தண்ணீரை வெள்ளிதோறும் கொட்டிவிட்டுத் தொட்டியைக் காயவைக்கச் சொல்லி, பயிற்சிக் கூட்டத்தில் வண்ணப் படம் காட்டினார்கள். படத்திலிருந்த பெண் சிரித்துக்கொண்டே கொட்டினாள். அவள் வீட்டில் எத்தனை நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் வரும் என்று செல்லக்கனி கேட்டதற்கு, கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம் என்றார்கள். கடைசியில் சமோசா கொடுத்தார்கள்.

பைரோஜாவின் மகள் நசிமா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். பேறுகால நேரத்தில் தாய்க்கு இந்தக் காய்ச்சல் கண்டால் பிள்ளைக்கும் போகும். அந்தப் பயம்தான் செல்லக்கனியைத் தினமும் அந்த வாசலுக்கு இழுத்தது. எட்டு டிரம்மும் நசிமாவுக்காகத்தான் நிரப்பியிருந்தது. பிள்ளை பிறந்தால் குளிப்பாட்ட, துணி அலச, சொந்தபந்தத்துக்கு ஆக்கிப்போட என்று பைரோஜா பதினைந்து நாளாக அதில் ஒரு செம்பு தொடவில்லை. மகளுக்கென்று சேர்த்த தண்ணீரில் மகளைக் கடிக்கும் கொசுவைப் பக்குவமாக வளர்த்துக்கொண்டிருந்தாள்.

புழு மருந்து ஊற்றலாம் என்றால், வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் மருந்தா, ஆகாது என்று மறுப்பு. பகலில் கடிக்கிற கொசு, பகலிலும் வலைக்குள் படு என்றால், பட்டப்பகலில் என்ன வலை என்று சிரிப்பு.

"தண்ணியக் கொட்டச் சொல்லுறதுக்குப் பதிலா என் கழுத்துச் சங்கிலியக் கேளுங்க நர்ஸம்மா, கழட்டித் தாரேன்" என்றாள் பைரோஜா.

அன்று மத்தியானம் மேற்பார்வையாளர் அய்யாதுரை வந்தார். செல்லக்கனியின் படிவத்தில் ‘காலி செய்யப்பட்ட பாத்திரங்கள்’ என்ற கட்டத்தில் மூன்று வாரமாகச் சைபர். நாளைக் காலை ஆள் கூட்டிவந்து தானே கவிழ்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வீட்டில் கவிழ்த்தால் அடுத்த வாரம் ஊரில் ஒரு டிரம்கூடக் கண்ணில் படாது, அத்தனையும் கட்டிலுக்கு அடியில் போய்ப் புழு வளர்க்கும் என்பது செல்லக்கனிக்குத் தெரியும். கவிழ்க்காமல் விட்டால் நசிமாவின் கதி என்ன என்பதும் தெரியும்.

அவள் திரும்பவும் பின்கட்டுக்குப் போனாள்.

"ஒரே ஒரு காலி டிரம் போதும்க்கா. ஒரு சொட்டு கீழ விழாது."

"எங்கிட்ட ஏது காலி டிரம்மு? இருந்தா ரொப்பி வச்சிருக்க மாட்டனா?"

உள்ளே படுத்திருந்த நசிமாதான் சொன்னாள். "மாடிப்படிக்கு அடியில ஒண்ணு இருக்குல்லம்மா. அரிசின்னு சொல்லிட்டு இருப்பீகளே."

போன தடவை அதன் முறை வருவதற்குள் குழாய் நின்றுவிட்டதாம். ஒன்பதாவது டிரம் வெளியே வந்தது. பீரோவிலிருந்து பைரோஜாவின் புருஷன் காதர் பாட்சாவின் பழைய வேட்டிகளும் வந்தன. வேட்டியை இரண்டாக மடித்து ஒன்பதாவதின் வாயில் கட்டி, முதல் டிரம் தண்ணீரை அதன் வழியே ஊற்றினார்கள். காலியான முதலாவதைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள். டிரம்மின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை, தண்ணீரைக் கொட்டினாலும் போகாது. பிறகு இரண்டாவதை முதலாவதில், மூன்றாவதை இரண்டாவதில், இப்படியே போய்க் கடைசியில் ஒன்பதாவதை எட்டாவதில். குடம் குடமாக மொண்டு ஊற்றினார்கள். பொழுது சாயும் முன் எட்டும் முடிந்தது.

வேட்டியில் வடிந்து நின்றதைப் பைரோஜா பார்த்துக்கொண்டே நின்றாள். "இம்புட்டையுமா எம்மவளுக்குன்னு சேத்து வச்சேன்?"

"அழுதா கண்ணக் கழுவவும் தண்ணி செலவாகும். தேய்ங்க" என்றாள் செல்லக்கனி.

பக்கத்து வீட்டு பர்ஹத் கடைகளுக்கு உள்பாவாடை தைப்பவள். மிச்ச வேட்டிகளை வட்டமாக வெட்டி, விளிம்பு மடித்து, நாடா கோத்துக் கொடுத்தாள். டிரம்மின் கழுத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டதும் கொசு நுழைய வழியில்லை. பெண்கள் அதற்குப் பாவாடை என்றே பேர் வைத்தார்கள். காலண்டர் ஏஜெண்டான காதர் பாட்சா ஆர்டர் பிடித்துவிட்டு வீடு வந்தபோது, எட்டு பேர் தன் வேட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு, தனக்கு ஒன்றாவது மீதி உண்டா என்று கேட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அய்யாதுரை இரண்டு ஆட்களோடு வந்தார்.

"கவுத்தாச்சா சிஸ்டர்?"

"காலி பண்ணியாச்சு சார். எட்டும்."

ஒரு டிரம்மை விரலால் தட்டிப் பார்த்தார். "ரொம்பியிருக்கு?"

"காலி பண்ணுன பொறகு ரொப்புனோம். அதுக்கு உங்க ஃபாரத்துல கட்டம் இருந்தா எழுதிக்கோங்க."

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கட்டம் இல்லை. பாவாடைக்கும் இல்லை. சைபரை விட எட்டு நல்ல எண் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

செல்லக்கனி உள்ளே போய், வலைக்குள் படுத்திருந்த நசிமாவுக்குத் தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சல் இல்லை. பிறகு காலியாக நின்ற ஒன்பதாவது டிரம்மை எதிர்வீட்டுக்கு உருட்டினாள். பைரோஜாவும் கூடவே கைகொடுத்தாள். எதிர்வீட்டுக்காரி வாசலை மறித்து நின்று, தங்கள் வீட்டில் டிரம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றாள்.

பைரோஜா அவளை விலக்கிவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஆறு டிரம்கள் நின்றன.