உடையாத ஜன்னலுக்குக் கண்ணாடி

அவளுடைய சொந்தப் பெயர் பள்ளிச் சான்றிதழோடு நின்றுபோயிற்று. வைரமுனை வைத்த கட்டரால் கண்ணாடி அறுக்கிறவள் என்பதால் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் வைரக்காதான். அப்பா விட்டுப்போன கண்ணாடிக்கடை ஒரு பக்கம், பள்ளி வேன் ஓட்டும் கணவர் ஒரு பக்கம். இதற்கு நடுவே, நாற்பது தாண்டியபின், கல்லூரியின் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். உலக மதங்களையும் அவை மனிதர் வாழ்க்கையில் பதித்த தடங்களையும் பற்றிய படிப்பு.

“இருக்கிற ஒரு சாமியையே ஒழுங்கா கும்பிட நேரமில்ல. உனக்கு ஊர்ல உள்ள சாமியோட பூர்வீகமெல்லாம் தெரியணுமாக்கும்?” என்று சிரித்தார் கணவர்.

“எல்லாருக்கும் ஜன்னல் போட்டுக் குடுத்தாச்சுங்க. உள்ள என்ன பேசிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

படிப்பில் அவள் சுமார்தான். எந்த நூற்றாண்டில் எது என்று கேட்டால் திருதிருவென விழிப்பாள். ஆனால் பேராசிரியை பேசத் தொடங்கினால் வாய் பிளந்து கேட்பாள். நாம் கை கழுவும் விதம், துக்க வீட்டில் உடுத்தும் நிறம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மதத்தின் விரல் பட்டிருக்கிறது என்பார் அந்த அம்மா. பல இடங்களில் ஒரே கொத்தனார் கூட்டம்தான் எல்லா மதத்துக்கும் கட்டிக் கொடுத்தது என்றும் சொன்னார்.

ஆளுக்கொரு கட்டடத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, வைரக்கா தன் கடைக்குப் பின்தெருவில் இருந்த வழிபாட்டுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஊரில் எண்ணிக்கையில் குறைவாய் வாழ்ந்த ஒரு மதத்தாரின் கூடம் அது. தலைப்பக்கம் மூன்று இதழாய் விரிந்த ஜன்னல்கள், தேன் நிறக் கண்ணாடி. அப்படி இன்னொன்று ஊரிலேயே கிடையாது. காவலாளி ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி அளந்தாள்.

“ஜன்னலுக்கெல்லாமா பாடம் நடத்துறாங்க?” என்று அவர் வியந்தார்.

அந்த மழைக்காலம் போகும்போது ஊரின் முகமும் மாறிப்போயிருந்தது. வகுப்பில் கலந்து உட்கார்ந்தவர்கள் மதவாரியாகத் தனித்தனிக் கொத்தாகப் பிரிந்தார்கள். “எல்லா மதமும் ஒண்ணுன்னு சொல்றீங்களா மேடம்?” என்று ஒருவன் கேட்டான். கேள்வியில் படிக்கிற ஆசை இல்லை. மேசைக்கடியில் அவனுடைய ஃபோன் பதிவு செய்துகொண்டிருந்தது. அறிவிப்புப் பலகையில் இருந்த பாடத்தின் பெயரை யாரோ சுரண்டியிருந்தார்கள். பேராசிரியை பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போகத் தொடங்கினார்.

ஒரு மத்தியானம் காண்ட்ராக்டர் கடைக்கு வந்தார். பொதுக் கட்டடங்களில் பழுது பார்க்கும் வேலைகளை டெண்டர் எடுப்பவர். சாவகாசமாக உட்கார்ந்தார்.

“வைரக்கா, தேன் கலர்ல கொஞ்சம் கண்ணாடி வெட்டி வைங்க. தலையில மூணு இதழ் மாதிரி வரணும். அடுத்த வாரம் எடுத்துக்கிறேன்.”

“பின்தெரு கூடத்துக்கா? அது நல்லாத்தானே இருக்குங்க. இப்பதான் ஏறிப் பார்த்துட்டு வந்தேன்.”

“இருக்கு,” என்றார் அவர். “சனிக்கிழமை வரைக்கும் இருக்கும்.”

அவள் கையிலிருந்த கட்டர் அப்படியே நின்றது. சனிக்கிழமைதான் அங்கே கூட்டு வழிபாடு.

“அண்ணே, உள்ள குழந்தைங்கல்லாம் இருப்பாங்களே!”

“நானா கல்லெறியப் போறேன்? காதுல விழுந்துச்சு, முந்திக்கிறேன். நீங்க வேலையைப் பாருங்க.”

கணவரிடம் சொன்னபோது அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சும்மாவா சொன்னாங்க? நமக்கெதுக்கு வம்பு. வேனுக்குப் பிள்ளைங்கள அனுப்புறவங்க காதுக்குப் போனா நம்ம பிழைப்பே போயிடும்.”

அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். “கண்ணாடி ஆர்டர் குடுக்கிறது குத்தமா?” என்று அங்கே சிரித்தார்கள். நேரே கூடத்துக்குப் போய்க் காவலாளியிடம் சொன்னாள். அவர் உடனே உள்ளே போய் மூத்தவர்களிடம் சொன்னார். அந்த வார வழிபாடு நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம், கடையில் இருந்தபடியே அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். முதலில் ஒன்று. பிறகு சரசரவென்று எல்லாமும். உள்ளே யாரும் இல்லை. கதவைப் பூட்ட நின்ற காவலாளிக்கு மட்டும் தோள் கிழிந்தது.

மறுநாள், காவல் நிலையத்தில் சிரித்த அதே அதிகாரி கடைக்கு வந்தார். இப்போது சிரிக்கவில்லை.

“உனக்கு எப்படி முன்னாடியே தெரியும்?”

காண்ட்ராக்டரைச் சொன்னாள். அவரோ அந்தக் கடை வாசலையே மிதித்ததில்லை என்று சாதித்தார். தெருவில் ஒரு சாரார் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். இன்னொரு சாரார், ஏணி போட்டு ஒவ்வொரு ஜன்னலாக அளந்தவள் இவள்தானே என்றார்கள். படிப்புக்காக ஏறியது என்று பேராசிரியை நிலையத்துக்கே வந்து சொன்னார். யார் நம்புவது? கடைசியில் கட்டுப்போட்ட தோளோடு காவலாளி வந்து நின்றார்.

“இந்தம்மா சொல்லலேன்னா நாங்க எல்லாரும் உள்ள இருந்திருப்போம். எழுதிக்குங்க.”

விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் விடவில்லை. வேனில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். டெண்டர் காண்ட்ராக்டருக்கே கிடைத்தது. கண்ணாடியை வேறெங்கோ வாங்கிக்கொண்டார். கல்லூரி அந்தப் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. பேராசிரியை ஊரைவிட்டே போனார். வைரக்காவும் கணவரும் ஊரின் மறுகோடியில் சின்னதாய் ஒரு கடை பிடித்தார்கள். “நீ செஞ்சது சரிதான். எனக்குத்தான் அப்ப தைரியம் இல்ல,” என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார் கணவர். அதற்குமேல் அவர்கள் அதைப் பேசவில்லை.

வெகுநாள் கழித்துப் பேராசிரியை ஃபோன் செய்தார்.

“அந்த வகுப்பு இனிமே வராதும்மா. காண்ட்ராக்டர் இப்ப கல்லூரி நிர்வாகக் குழுவுல இருக்காராம்.”

வைரக்கா ஃபோனோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் நாலைந்து பேர் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரைப் பிரித்தவர்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள்.

“மேடம், கடைசிப் பாடம் நடத்தவே இல்லையே நீங்க.”

“இப்ப சொல்லட்டுமா? நேரம் இருக்கா?”

அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சொல்லுங்க மேடம்.”