செவ்வாமணக்குப் புண்ணாக்கு

பசு விழுந்த காலையில் கொட்டிலில் அம்மாவும் அக்காவும் நானும் நின்றோம். அப்பா வன்னியில் மேசன் வேலைக்குப் போயிருந்தார். மாட்டு டொக்டர் இன்னும் வந்து சேரவில்லை. அது நிறைமாதச் சினைப்பசு. கன்று போட்டுப் பால் விற்கத் தொடங்கினால்தான் நான் கம்பஸுக்குப் படிக்கப் போக ஒரு வாடகை அறை எடுக்கலாம் என்றிருந்தோம்.

எங்கள் உரும்பிராய் வீட்டு வாசல் படலையடியில் அக்கா அழகுக்காகச் செவ்வாமணக்கு நட்டிருந்தாள். தண்டும் இலையும் கடுஞ்சிவப்பு. முள்ளுக் காய்கள் குலைகுலையாய்த் தொங்கும்.

"என்ன பிள்ளை, படலையிலை ரத்தம் காய்ச்சுக் கிடக்கு," என்று பக்கத்து வீட்டு மாமி பகிடி விடுவார்.

பசு மட்டும் அந்த இடம் வந்ததும் விலகி, மதிலோடு உரசிக்கொண்டு போகும். ஒருநாளும் அந்த இலையில் வாய் வைத்ததில்லை.

காய் வெடித்து விழும் முத்துக்களைக் கையில் எடுத்தால் எனக்கு உடம்பு கூசும். இரத்தம் குடித்து ஊதிய மாட்டுண்ணிகள் போலவே இருக்கும். அவற்றைத்தான் முதல்நாள் அம்மா தலைக்கு எண்ணெய் எடுக்கவென்று மெசின்காரரிடம் கொண்டுபோனார். அவர் ஒரு போத்தலையும் ஒரு சாக்கையும் நீட்டினார்.

"இந்தாங்கோ அம்மா, உங்கடை புண்ணாக்கு."

அந்தச் சொல் போதுமாயிருந்தது. புண்ணாக்கு என்றால் எங்களுக்கு மாட்டுச் சாப்பாடு. அம்மா தவிட்டோடு வாளியில் கரைத்து வைத்தார். பசு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. அம்மா ஒரு பிடி உப்புப் போட்டார். குடித்தது.

டொக்டர் வந்து வாளியை மணந்து பார்த்தார். "உதுக்குள்ளை என்ன போட்டனீங்கள்?"

அம்மா சொன்னார்.

"நஞ்சு முழுக்கச் சக்கையிலைதான் தங்கும். எண்ணெயிலை இல்லை."

"எண்ணெய் நல்லதெண்டால் புண்ணாக்கு எப்பிடி ஐயா கூடாமல் போகும்?"

அவர் ஊசியை ஏற்றினார்.

மத்தியானம் பசுவின் மூச்சு நின்றது. வயிறு நிற்கவில்லை. உள்ளேயிருந்து எதுவோ மெதுவாய் உதைத்தது. டொக்டர் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இனி ஏலாது," என்றார். பிறகு அதுவும் அடங்கியது.

அப்பா வந்து பின்வளவில் குழி வெட்டினார். வேறெந்தச் சீவனும் தின்னக்கூடாதென்று மிச்சச் சாக்கையும் அதற்குள்ளேயே கவிழ்த்தார். மெசினில் அகப்படாத முத்துக்களும் அதில் கிடந்திருக்க வேண்டும். மாரி மழைக்குப் பிறகு பார்த்தால், பசு கிடந்த நீளத்துக்கே சிவப்பு முளைகள் எழும்பி நின்றன. அக்கா பிடுங்கினாள். அடுத்த மழைக்குத் திரும்பவும் வந்தன.

எண்ணெய்ப் போத்தல் மூடி திறக்காமலே சுவர்த் தட்டில் இருந்தது. அப்பா அதைப் பார்த்தபடி கேட்டார்: "பிழிய எவ்வளவு குடுத்தனீர்?"

"முந்நூறு ரூபாய்," என்றார் அம்மா. "ரண்டு உயிரும்."