நூல் பிடித்தாற்போல் ஊமத்தை

ஆரணியில் எங்கள் தோட்டத்தில் களையெடுக்க வந்த அந்த அம்மாவின் விரல்நுனிகள் எப்போதும் பச்சையாக இருக்கும். எந்தச் செடியையும் இலையைக் கசக்கி முகர்ந்த பிறகே பிடுங்குவார். தானாக முளைத்திருந்த காசித்தும்பையில் சாணுக்கு ஒன்றை விட்டு மற்றதைக் களைந்தார். சமையலறை ஜன்னலுக்கு அடியில் ஓர் இலையை முகர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஊமத்தைங்க. வெதை வெஷம். நீங்க போட்டீங்களா?"

"இல்லையே. இதுவும் தானா வந்திருக்கும்."

"தானா வுழுந்தா தாய்ச்செடியச் சுத்தி எறைஞ்சு மொளைக்கும். இது நூல் புடிச்சாப்ல வரிசையா வந்துகினு இருக்குது. யாரோ வெதைச்சிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வூட்ல நீங்களும் சாரும் மட்டுந்தானா?"

அப்போது என் கணவர் எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்தார். எப்போதும் ஊதி ஊதிக் குடிக்கும் அந்த அம்மா, அன்று வேண்டாமென்று கும்பிட்டார். நான் டம்ளரை எடுத்தேன். அந்த அம்மா அதைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.