ஆரத்தி நிறத்தில் ஒழுகிய வண்டி

எங்கள் வேனுக்குள் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, கை கழுவத் தொட்டி உண்டு. மழைக்காலத்தில் கூடுதலாக ஓர் அருவியும் உண்டு. வேனை வீடாக்கி ஊர் சுற்றுவது என் பல வருஷத்து ஆசை. கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரோ குறி பார்த்து மனைவியின் தலையணையில்தான் விழும். மூன்றாவது தலையணையும் நாசமானதும் அவள் வண்டியை விற்றுவிடக் கிண்டியில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து வண்டியை எடுத்துப்போவதாகப் பேச்சு. அதற்குள் ஒழுகலை நிறுத்திவிட நான் இறங்கினேன்.

ஜன்னல் ரப்பரை மாற்றினேன், கூரைத் திருகுகளை எல்லாம் முடுக்கினேன். அடையாறில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் மைத்துனன் முன்பே மேலே ஏறி ஏதோ பூசி, வெள்ளை பெயின்ட்டும் அடித்திருந்தான். "மொட்டை மாடியே நம்ம கைல ஒழுகாது மாமா, இது இன்னா பெரிய விஷயம்" என்றான். ஒழுகியது.

சனிக்கிழமை ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே ஏணியைச் சாத்தினேன். கூரையின் முன்பாதியில் மஞ்சள்பொடி கரைத்த தண்ணீர், பின்பாதியில் சொட்டுநீலம். எந்த நிறம் சொட்டுகிறதோ ஓட்டை அந்தப் பக்கம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"இன்னா சார், வண்டிக்கு மஞ்சத்தண்ணி சடங்கா?" என்றார் எதிர்வீட்டு வாட்ச்மேன்.

வேனுக்குள் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த மனைவி குரல் கொடுத்தாள். "சொட்டுதுங்க. சிவப்பா சொட்டுது."

"சிவப்பு நான் ஊத்தவே இல்லையே."

"ஆரத்தித் தண்ணி மாதிரி இருக்கு. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டாதான் இப்படிச் செவக்கும். வண்டி மேல சுண்ணாம்பு ஏது?"

அப்போதுதான் உறைத்தது. முன்பாதியில் காற்றுக்காக வைத்த விசிறியைச் சுற்றி மைத்துனன் பூசிய இடத்தைச் சுரண்டினேன். பெயின்ட்டுக்கு அடியில் சிமென்ட்! அதிலும் சுண்ணாம்புதானே இருக்கிறது. மொட்டை மாடி ஒரே இடத்தில் இருக்கும். இதுவோ ஒவ்வொரு வேகத்தடையிலும் எகிறிக் குதிக்கிற வண்டி. சிமென்ட் அப்பளமாக நொறுங்கியிருந்தது. அவனை வாய்விட்டுத் திட்டினேன். தம்பியைத் திட்டியும் அவள் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் பெயர்த்து, நன்றாகக் காயவிட்டு, ரப்பர் போல் வளைந்துகொடுக்கும் பசையை அடைத்தேன்.

ஞாயிறு காலை நல்ல மழை. கிண்டிக்காரர் குடையோடு வந்து வேன் கதவருகே நின்றார். மனைவி கட்டிலில் புதுத் தலையணையில் சாய்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"வண்டியப் பாத்துடலாமா மேடம்?" என்றார் அவர்.

அவள் எழுந்திருக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. ஒழுகுற வண்டியத்தான் உங்களுக்குத் தர்றதா சொன்னேன். அது இப்ப எங்ககிட்ட இல்ல."