சாவியைப் பிடுங்கிய சிவபாலன் பாஸ்

சிவபாலன் பாஸ் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்தவர். மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரிந்திருக்கும். டைமிங் பெல்ட் மாற்றினால், எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ண விடமாட்டார். "ஒரு பல்லு மாறிப் பூட்டினாலும் கரைச்சல் அண்ணை, பிறகு என்னைத் தேடி வராதையுங்கோ" என்பார். அவசரம் என்றால் இன்னும் மெதுவாகச் செய்வார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் என் வான்தான் எங்கள் வீட்டுச் சோறு. அன்று பாஸ் பழைய பெல்ட்டைக் கழற்றி முடித்த நேரம், ஆட்களைச் சோதிக்கப் பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தது. கராஜுக்கு முன்னால் ஒழுங்கையை அடைத்து நின்ற வானை உடனே எடுக்கச் சொன்னார் பொலிஸ் அதிகாரி. பயத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோனது. ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன். பெல்ட் இல்லாமல் திருப்பியிருந்தால் பிஸ்டன் வால்வில் முட்டி எஞ்சின் அங்கேயே முடிந்திருக்கும். பாஸ் பாய்ந்து வந்து சாவியைப் பிடுங்கினார்.

அதிகாரிக்கு அது சந்தேகமாகப் பட்டது. பாஸ் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். கழற்றிய பெல்ட்டையும் காட்டினார். கடைசியில் பொலிஸ்காரர்களும் கைகொடுக்க வானைத் தள்ளி ஓரமாக்கினோம். ஆனாலும் அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். என்னை விட்டுவிட்டார்கள்.

அந்த நாட்களில் தெரிந்த ஒருவர் போய்ப் பொறுப்புச் சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். அவருடைய மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். நான்தான் போக வேண்டும். மறுநாள் காலை பொலிஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பஸ் தரிப்பு வரைக்கும் போனேன். அரை மணி நேரம் நின்றேன். பிறகு வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குத் திரும்பி, உள்ளே விடவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அவர்களாகவே விட்டார்கள். செய்தி கேட்டு நான் கராஜுக்குப் போனபோது பாஸ் புதிய பெல்ட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. "வானை ஒருத்தரும் தொடேல்லையே அண்ணை?" என்று மட்டும் கேட்டார். வழக்கம்போல் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டே சாவியைத் தந்தார். ஏன் வரவில்லை என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

செத்தவீட்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா உங்களைப் பற்றி அடிக்கடி கதைப்பார். ஸ்டேஷன் ஜன்னலால உங்களைப் பஸ் தரிப்பில கண்டவராம். தன்னைத் தேடி வந்தது அந்த அண்ணை ஒருத்தர்தான் எண்டு சொல்லுவார்."

நான் ஓம் என்றேன். அவர் தந்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது தேடி வந்தவன் என்ற அந்தப் பெயர்தான். அது எனக்கு உரியதல்ல.